பேச வைக்கச் சொல்லி அழைத்து வந்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. அம்பத்தூர் மேனாம்பேட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் என் அறை. வாசலில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு மாட்டி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டு ஓனர் வாடகை வாங்க வரும்போதெல்லாம், "மனநலம்னு போடாதீங்கம்மா, கீழ கடைக்கு வர்றவங்க பயப்படுறாங்க. குடும்ப நலம்னு மாத்திடுங்க" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் முடியாது என்பேன். குடும்ப நலம் என்று போட்டால் கருத்தடை பற்றிக் கேட்கத்தான் ஆள் வரும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது சரியாகப் புரியாது. நான் பிறந்து வளர்ந்தது கொரட்டூர். அப்பா ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். படித்து முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். பல வருடங்கள் அதுதான் வாழ்க்கை. காதில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் கோபம். அங்கே ஒரு பெரிய குற்றம் உண்டு. வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது நாம் பேசாமல் இருப்பது. 'டெட் ஏர்' என்பார்கள். நாலு விநாடி சும்மா இருந்தால் போதும், சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டுவார். "லைன்ல இருங்க சார், பாத்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருநாள் ஒரு பெரியவர் பில் பற்றிக் கேட்க ஆரம்பித்து, பாதியில் அழ ஆரம்பித்துவிட்டார். மனைவி பெயரில் இருந்த கணக்கு அது, அந்த அம்மா இறந்துவிட்டார். எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை சும்மா லைனில் இருந்தேன். கடைசியில் அவர் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்த மாதம் எனக்கு மார்க் குறைத்தார்கள். பதினைந்து பேர் முன்னால் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு உதாரணமாக வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அஞ்சல் வழியில் உளவியல் படித்தேன். ஒரு மருத்துவமனையில் பயிற்சி எடுத்தேன். வேலையை விட்டேன். எங்கள் சர்ச்சில் சிலர், "ஜெபத்துல தீராதது பேச்சுல தீருமா?" என்றார்கள். அம்மாவோ, "பேசறதுக்கு ஒரு படிப்பா? உங்க அத்தை படிக்காமலே நாள் பூரா பேசுறா" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. அறிவுரை இந்தப் பக்கம் எல்லா டீக்கடையிலும் சும்மாவே கிடைக்கிறது. வந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதுதான் என் வேலை. அதைத்தான் எங்கேயும் யாரும் செய்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆடி மாதத்தில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அவருடைய தங்கை, தங்கையின் மகள். ஒரு காலத்தில் நஞ்சை வைத்திருந்த குடும்பம், இப்போது தண்ணீர் லாரி விடுகிறார்கள். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாயும் மகளும் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை.

"ஒரு மாசமா வாயே தொறக்க மாட்டேன்றா மேடம். துன்றா, வேலைக்கிப் போறா, வரா, தூங்கறா. பேச்சு மட்டும் கெடயாது. தொண்டை டாக்டரு ஒண்ணியும் இல்லன்ட்டாரு. பெரியாஸ்பத்திரில மன டாக்டரு, மாத்திரை தேவையில்ல, கவுன்சிலிங் கூட்டிகினு போன்ட்டாரு. ஆவணில கல்யாணம் வெச்சிகினு கீறோம். எப்டியாவது பேச வெச்சிடுங்க" என்றார் மாமா.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய மகன்தான்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் மாமாவிடமிருந்து வந்தது. பிடித்த சாப்பாடு என்ன என்பதற்குக்கூட அவர்தான் சொன்னார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க சார். இது இவங்களோட நேரம்" என்றேன்.

"நான் தாய்மாமன் மேடம். என் மடியில ஒக்கார வெச்சிதான் இதுக்குக் காது குத்துனாங்கோ. எனக்குத் தெரியாம இதுங்கிட்ட இன்னா கீது?"

பொய் சொல்லவில்லை அவர். தகப்பன் இல்லாத பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அந்தப் பாசத்தை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் பாசம் இருக்கிறது என்பதற்காக என் அறையில் நாற்காலி கிடையாது. மறுபடியும் வெளியே இருக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அப்புறம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அவள் பேசவில்லை. நான் பேசினேன். என்னை அறிமுகம் செய்துகொண்டேன், இங்கே சொல்வது வெளியே போகாது என்றேன், சில பேருக்கு இப்படி ஆவது உண்டு என்றேன், மழை வரும்போல இருக்கிறது என்றேன், தண்ணீர் வேண்டுமா என்றேன். அவள் சும்மா இருந்த ஒவ்வொரு விநாடியும் யாரோ என் தோளைத் தட்டப் போகிறார்கள் என்று பழைய பயம். கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள். 'பாவம் இந்தப் பொம்பளை' என்கிற பார்வை. அவள் போன பிறகு செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். பேசாமல் இருந்தது அவள், தொண்டை கட்டியது எனக்கு.

அடுத்த வாரம் வந்தபோது முதலிலேயே சொல்லிவிட்டேன். "இன்னைக்கு நான் பேசப் போறதில்லம்மா. உனக்குத் தோணுச்சுன்னா பேசு. தோணலன்னா ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம். அதுவும் சரிதான்."

சொல்வது சுலபம். செய்து பாருங்கள். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம். தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. படிக்கட்டில் மாமா இருமுகிறார். என் நாக்கு வாய்க்குள் துடித்துக்கொண்டே இருந்தது. கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். கோயிலில் ஒரு பாட்டு முடிந்து, கூழ் ஊற்றும் நேரத்தை அறிவித்து, அடுத்த பாட்டும் முடிந்தது. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"இன்னா மேடம், நெஜமாவே பேச மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். குரல் நன்றாக, கணீரென்று இருந்தது. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த குரல் மாதிரியே இல்லை. நான் அதைக் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"கம்பெனில பேசிகினுதான் மேடம் கீறேன். பஸ்ல ஏறுனா எறங்கற வரிக்கும் பேச்சுதான். ஊட்லதான் பேசறதில்ல."

கம்பெனியில் விசாரிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே பேச்சாம். அப்படி முடிவு கட்டிய பிறகும், காலையில் கம்பெனி பஸ்ஸில் மட்டும் தவறாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தை எந்தப் பேயும் தொடுவதில்லை போலிருக்கிறது.

நடந்தது இதுதான். கல்யாணப் பேச்சு வந்ததும் அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். வெட்கப்படுது என்று சிரித்தார்களாம். மறுபடி வேண்டாம் என்றதும், யார் அந்தப் பையன் என்று போனைப் பிடுங்கித் தேடினார்கள். எந்தப் பையனும் இல்லை. மூன்றாவது தடவை சொன்னபோது அம்மா, அண்ணன் தயவில் இருக்கிறோம் என்று காலைப் பிடித்து அழுதார். ஆனியில் பூ வைக்கும்போது சம்மதமா என்று பெண்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று அவர்களில் ஒருத்தி அவள் தலையில் பூவை வைத்துவிட்டாள். அவள் அதைப் பிய்த்துக் கீழே போட்டாள். அன்றைக்குத்தான் பேய் என்ற பேச்சு வந்தது.

"நான் இன்னா சொன்னாலும் அவங்களுக்கு வேண்டிய மாதிரி மாத்திக்கினாங்கோ மேடம். அதான் பேச்சு குடுக்கறதயே நிறுத்திட்டேன். பேசாத பொண்ண மேடையில எப்டி ஒக்கார வெப்பாங்கோ, பாக்கலாம்னு."

மாமா பையனை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவளே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அவன் நல்லவந்தான் மேடம். குடி கெடயாது, ஒண்ணியும் கெடயாது. எனக்கு வோணாம். வோணான்னா வோணாந்தான? இதுக்கு இன்னா காரணம் சொல்லணும்?"

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் அவள் முகம் மாறியது. ஆடி அமாவாசைக்கு அவளை எங்கேயோ அழைத்துப் போகிறார்களாம். அங்கே பேய் இறங்கும்வரை சங்கிலியில் கட்டி வைப்பார்களாம். கார் பேசியாகிவிட்டது. "என்ன கட்டிப் போட்டுடுவாங்களா மேடம்?" என்று கேட்டபோது அந்தக் கணீர்க் குரல் இல்லை.

என் வேலையில் ஒரு விதி. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் சும்மா இருக்கவும் கூடாது. அதை அவளிடமே வெளிப்படையாகச் சொன்னேன். "உன்னக் கட்டி வெச்சா நான் போலீசுக்குப் போவேன். அத உங்க மாமா முன்னாடியே சொல்லுவேன். மத்தபடி நீ சொன்னதுல எத சொல்லணும், யார்கிட்ட சொல்லணும்னு நீதான் முடிவு பண்ணணும்." பெண்களுக்கான உதவி எண்ணை அவள் போனில் கம்பெனித் தோழி பெயரில் பதிந்து வைத்தோம்.

"நானே சொல்றேன் மேடம். ஒரே ஒரு வாட்டி. ஆனா குறுக்க யாரும் பேசக் கூடாது. அத மட்டும் நீங்க பாத்துக்கோங்கோ" என்றாள்.

அமாவாசைக்கு முன்னால் மூன்றாவது முறை வந்தார்கள். அன்றைக்கு வண்டி நிறைய ஆட்கள். கீழே ஜெராக்ஸ் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மாமாவையும் அம்மாவையும் மட்டும் உள்ளே விட்டேன். ஒரு நிபந்தனை வைத்தேன். பெண் பேசி முடித்த பிறகு, நான் சொல்லும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "அவ பேசுனா போதும் மேடம், உங்க வாயில சக்கரய கொட்றேன்" என்றார்.

பெண் எழுந்து நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வோணாம் மாமா. எனக்குப் பேயும் புடிக்கல, யாரயும் லவ்வும் பண்ணல. வோணாம். நான் பண்ணிக்க மாட்டேன்."

அம்மா "ஐயோ, பேசிட்டாளே" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்ன சொன்னாள் என்பது அப்போது அவர் காதில் ஏறவே இல்லை. மகள் குரல் கேட்டதே போதும் என்று அழுதார். மாமா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். மூடினார். மறுபடி திறந்தார். மறுபடியும் கையைக் காட்டினேன்.

லாரி டிரைவர்களை ஒரு அதட்டலில் ஓட வைக்கிற மனிதர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சொல்லைச் சிரித்து மழுப்ப முடியாமல், பையன் யார் என்று திருப்பிக் கேட்க முடியாமல், வெறுமனே கேட்டபடி இருந்தார். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு எதுவோ புரிந்த மாதிரி தளர்ந்தது. அழுதுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். கோபம்தான் ஜெயித்தது. என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் ஒன்னாண்ட கூட்டியாந்தனா? நீதான சொல்லிக் குடுத்த?" மரியாதை பறந்துவிட்டது.

"நான் எதுவும் சொல்லிக் கொடுக்கல சார். வீட்டுல பல தடவ சொன்னதத்தான் இங்கயும் சொன்னாங்க. இன்னைக்குத்தான் நீங்க கேட்டீங்க."

"இந்த ஏரியாவுல நீ எப்டி போர்டு மாட்றேன்னு பாக்கறேன்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன் சார், தாராளமா வந்து பாருங்க. ஆனா ஒண்ணு. அமாவாசைக்கு இவங்க மேல ஒரு சங்கிலி பட்டாலும் நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். ஒளிச்சு வெச்சுப் பண்றதில்ல, உங்க முன்னாடியே சொல்றேன்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

அவர் எழுந்தார். "கெளம்புங்கடி" என்றார் தங்கையையும் மருமகளையும் பார்த்து. பெண் அசையவில்லை. அம்மா எழுந்தார். சரிதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றார். அண்ணனிடம் அவர் பேசி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை.

"நீ போ அண்ணே. நானும் இத்தினி நாளு காதுல வுயாத மாதிரியே இருந்துட்டேன். இப்போ வுயுந்திட்ச்சி. இனிமே வுயலன்னு என்னால சொல்ல முடியாது."

"எங்க போவ? எந்த ஊட்டுக்குப் போவ?" என்று கத்தினார் அவர்.

"பாத்துக்கறேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான். அண்ணன் எதிரில் அந்த அம்மா அதற்கு முன்னால் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. தாயும் மகளும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கதவைத் தாழ் போட்டுவிட்டு நானும் ஒரு மூச்சு அழுது தீர்த்தேன்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்யாணம் நின்றது, அமாவாசைக்குப் பேசிய காரும் நின்றது. ஆனால் பின்கட்டு போயிற்று. ஆவடிப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்குப் போனார்கள். சொந்தக்காரர் விசேஷங்களுக்கு இன்றுவரை அழைப்பு இல்லை. மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் சும்மா போகவில்லை. வீட்டு ஓனருக்கு யார் யாரிடமிருந்தோ போன். அறையைக் காலி பண்ணச் சொன்னார். ஒப்பந்தத்தைக் காட்டி, முடியாது என்றேன். பெண்களைக் கெடுக்கிறாள் என்று ஏரியாவில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டே என்னைத் தேடி வந்த பெண்களும் உண்டு என்பதை இங்கே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி சிலதை மாற்றிவிடுகிறேன் என்றேன். அதே கம்பெனியில் இப்போது லைன் லீடராக இருக்கிறாள். போனில் பின்னால் பஸ் சத்தமும் தோழிகள் சிரிப்பும் கேட்டன.

"எய்துங்க மேடம். ஆனா கடசீல, நான் யாரயோ லவ் பண்ணி கட்டிகினேன்னு மட்டும் எய்திடாதீங்கோ. படிக்கிறவங்கோ அதத்தான் தேடுவாங்கோ."

தேடாதீர்கள், அப்படி எதுவும் இல்லை. ஒரு பெண் வேண்டாம் என்றாள், அதற்குப் பின்னால் வேறு எந்தக் காரணமும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக என் போர்டை மட்டுமல்ல, வேறு எதை இழக்க வேண்டி வந்தாலும் நான் மறுபடியும் கையைக் காட்டி எல்லோரையும் கேட்க வைப்பேன்.